இடைச்சேமிப்பு வழங்கிகளும் தமிழ் விக்கிப்பீடியாவும்

ஓர் இணையப் பக்கத்தை ஒவ்வொருவர் கேட்கும்போதும் புதிதாகக் கட்டாமல், ஒருமுறை கட்டியதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்து வருபவர்களுக்கு அந்தப் படியையே கொடுத்தனுப்பும் முறை இடைச்சேமிப்பு எனப்படுகிறது. படிகளை வைத்திருக்கும் கணினி இடைச்சேமிப்பு வழங்கி. தமிழில் மிக அதிகமாகப் புழங்கும் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியா, தொடங்கிய சில மாதங்களிலிருந்தே இந்த முறையை நம்பி இயங்கிவருகிறது. மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் ஒருவர் தன் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறக்கும்போது, அது எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கைப்பேசி மட்டுமல்ல. அவருக்கு முன் அந்தப் பக்கத்தை யாராவது திறந்திருக்கிறார்களா, எப்போது திறந்தார்கள், அதன் படி எந்த நாட்டில் இருக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

சொல்

1965-இல் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் எழுதிய ஒரு சிறு கட்டுரை, பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைக்கும் யோசனையை முன்வைத்தது. அவர் அதற்கு 'அடிமை நினைவகம்' என்று பெயரிட்டார். 1968-இல் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அந்நிறுவனத்தின் ஆய்விதழ் ஆசிரியர் லைல் ஜான்சன் 'அதிவேக இடையகம்' என்ற பெயர் சப்பென்று இருப்பதாகக் கருதி 'கேஷ்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். ஒளித்து வைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது.

தமிழில் இதற்கு இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. பதுக்ககம், இடைமாற்று நினைவகம் என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். பதுக்கல் என்றதும் நமக்கு ரேஷன் அரிசி நினைவுக்கு வருவதால் முதற்சொல் ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். பேச்சில் எல்லோரும் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்பவர் பணம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இக்கட்டுரையில் இடைச்சேமிப்பு, கேஷ் இரண்டும் ஒரே பொருளில் வருகின்றன.

திருமங்கலம் வட்டாரத்தில் பிறந்தவருக்கு இந்த முறையை விளக்கக் கணினி தேவையில்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பப்படுகிறது. பேரணையிலிருந்து பிரியும் திருமங்கலம் பிரதானக் கால்வாய் 19,439 ஏக்கர் ஒருபோக நிலத்துக்கு அந்த நீரைக் கொண்டுவருகிறது. கால்வாய் ஆண்டு முழுவதும் ஓடாது. திறந்திருக்கும் நாட்களில் கண்மாய்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறகு மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சலாம். தூரத்துச் சரக்கைக் கிட்டத்தில் வைத்திருப்பது என்ற அளவில் கண்மாயும் கேஷும் ஒன்றுதான். வேறுபாடும் உண்டு. கண்மாய்த் தண்ணீர் எடுக்க எடுக்கக் குறையும். பக்கத்தின் படி குறையாது, பழசாகும். இந்த முறையின் தொல்லைகள் எல்லாம் அந்தப் பழசாவதிலிருந்தே வருகின்றன.

மெல்லிய கம்பியின் காலம்

1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் ஆரி லுவோட்டோனனும் கெவின் ஆல்டிசும் பதிலாள் வழங்கி பற்றி ஒரு கட்டுரை படித்தார்கள். ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு கணினி வெளியே போய்ப் பக்கத்தை வாங்கி வரும். வாங்கியதைத் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொள்ளும். ஹார்வெஸ்ட் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத் திட்டம் இதை மேலும் வளர்த்தது. அதிலிருந்து கிளைத்த மென்பொருளை 1996 முதல் டுவேன் வெசல்ஸ் ஸ்குவிட் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்றைய இணைப்புகளின் அளவை இன்று கற்பனை செய்வது கடினம். மதுரை மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2001 இறுதியிலிருந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டத்தின் கீழ் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பம் அவற்றை இணைத்தது. எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவையும் திட்டத்தில் பங்கேற்றன. கிராமத்தில் இருந்தபடியே கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற முடிந்தது. கார்டெக்ட் தந்த வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். 50 கிலோபைட்டு அளவுள்ள ஒரு பக்கம் 35 கிலோபிட் இணைப்பில் வந்து சேரப் பதினோரு நொடிக்கு மேல் ஆகும். மறுமுனையில் இருக்கும் வழங்கி உடனே பதில் தந்தால்தான் இந்தக் கணக்கும். அது திணறிக்கொண்டிருந்தால் கணக்கே கிடையாது.

அக்காலத்தில் கல்லூரிகளும் நிறுவனங்களும் தங்கள் வாசலில் ஒரு ஸ்குவிட் வழங்கியை வைத்துக்கொண்டன. ஒரு மாணவர் திறந்த பக்கத்தை அடுத்த மாணவர் கேட்டால் வெளியே போக வேண்டியதில்லை. இது வாசகர் பக்கத்தில் வைக்கப்பட்ட கேஷ். அதே மென்பொருளைத் திருப்பி, வெளியிடுபவர் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் விக்கிப்பீடியா அடுத்துச் செய்துபார்த்தது.

விக்கிப்பீடியா திணறியது

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, முதலில் யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில் ஓடியது. தரவுத்தளம் கிடையாது, ஒவ்வொரு கட்டுரையும் ஒரு கோப்பு. 2002 ஜனவரியில் ஜெர்மானிய மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே பி.எச்.பி. மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு புதிதாக எழுதிக் கொடுத்தார். வசதிகள் பெருகின, வேகம் குறைந்தது. அதே ஆண்டு லீ டேனியல் குரோக்கர் மீண்டும் எழுதினார். அதுவே பின்னர் மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது.

ஒரு விக்கிப் பக்கத்தைக் கட்டுவது வேலை மிகுந்த செயல். கட்டுரையின் மூலத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வோர் இணைப்புக்கும் மறுமுனையில் கட்டுரை இருக்கிறதா என்று பார்த்து நீலமா சிவப்பா என்று முடிவு செய்ய வேண்டும். வார்ப்புருக்களை விரிக்க வேண்டும். வார்ப்புருவுக்குள் வார்ப்புரு இருந்தால் அதையும் விரிக்க வேண்டும். கடைசியில் உலாவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஆயிரம் பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் இவ்வளவும் ஆயிரம் முறை நடக்கும், ஆயிரம் பேருக்கும் கிடைப்பது எழுத்துப் பிசகாமல் ஒரே பக்கமாகவே இருந்தாலும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பட்டது. நவம்பரில், அமீரகத்தில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் வந்து சேர்ந்து, கட்டுரைகளை ஏறக்குறையத் தனியாளாக எழுதிக் குவிக்கலானார். அவர் எழுதத் தொடங்கிய வாரங்கள் விக்கிப்பீடியாவின் வழங்கிகளுக்கு மிக மோசமான வாரங்கள். ஆண்டின் இறுதி நாட்களில் முதன்மை வழங்கி செயலிழந்து தளம் முடங்கியது. ஜிம்மி வேல்ஸ் நன்கொடை கேட்டார், பணம் சேர்ந்தது. 2004 தொடக்கத்தில் புளோரிடாவில் புதிய வழங்கிகள் நிறுவப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் ஸ்குவிட் ஏற்றப்பட்டு, பி.எச்.பி. வழங்கிகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆங்கிலக் கூட்டத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் பயன் எல்லா மொழிகளுக்கும் சேர்ந்தே கிடைத்தது. தமிழுக்கென்று தனியாக வழங்கி வாங்கி நிறுவ வேண்டியிருந்தால் அது எப்போது நடந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஸ்குவிட்டுக்குப் பின்னால் இன்னோர் அடுக்கும் உண்டு. பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற இளைஞர் லைவ்ஜர்னல் என்ற தளத்தை நடத்திவந்தார். பல வழங்கிகளில் வீணாகக் கிடந்த நினைவகத்தை ஒன்றாகச் சேர்த்து, தரவுத்தளத்திடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளின் விடைகளை அதில் வைக்கும் மெம்கேஷ்டு என்ற நிரலை 2003 மே மாதம் அவர் வெளியிட்டார். மீடியாவிக்கி அதை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. இதையொட்டி, ஒருமுறை கட்டிய பக்க உடலைச் சேமித்து வைக்கும் 'பாகுபடுத்தி கேஷ்' வந்தது. ஆக வாசகருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே இப்போது இரண்டு மூன்று கண்மாய்கள். மேல் கண்மாய் வற்றியிருந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

2004 இறுதியில் பாரிசிலும், 2005-இல் ஆம்ஸ்டர்டாமிலும், யாகூ நிறுவனத்தின் உதவியால் சியோலிலும் வழங்கிகள் வைக்கப்பட்டன. விக்கிமீடியாவின் பொறியாளர் மார்க் பெர்க்ஸ்மா 2007–08 காலத்தில் அளித்த விளக்கங்களின்படி, எழுத்துப் பக்கங்களுக்கான வேண்டுகோள்களில் 85 விழுக்காட்டையும் படங்களுக்கானவற்றில் 98 விழுக்காட்டையும் ஸ்குவிட்டுகளே முடித்து அனுப்பின. பின்னால் இருந்த வழங்கிகளுக்கு எஞ்சியது ஏழில் ஒரு பங்கு எழுத்து வேலைதான்.

ஓர் ஊர்ப்பெயருக்கு எத்தனை பைட்டு

தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு தனிச் சுமை உண்டு. திருமங்கலம் என்ற சொல்லைக் கண்ணால் எண்ணினால் ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பதினொரு குறி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, ஆக 33. இதையே இணைய முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும், ஆக 99. ஏழெழுத்து ஊர் 99 எழுத்து முகவரியாகிறது. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை மின்னஞ்சலில் ஒட்டியவர்கள் அந்த நீண்ட வாலைப் பார்த்திருப்பார்கள். யூனிகோடுக்கு முன் வழங்கிய திஸ்கி போன்ற எட்டு பிட்டுக் குறியேற்றங்களில் இந்தச் சொல் பத்து பைட்டுக்குள் அடங்கியிருக்கும்.

மூன்று மடங்கு சுமை மெல்லிய இணைப்பில் பெரிய விஷயம். ஆனால் தமிழ் உரையைச் சுருக்குவது எளிது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டே இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைத் தேடிச் சுருக்கும் நிரலுக்கு இதைவிட வாய்ப்பான உரை கிடைக்காது. சுருக்குவதற்கு வழங்கியின் உழைப்பு தேவை. கேஷ் இருந்தால் அந்த உழைப்பையும் ஒருமுறை செலவிட்டு, சுருக்கிய படியையே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒன்று; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். முகவரியைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் கேஷ் வழங்கிக்கு இவை இரண்டு வெவ்வேறு பக்கங்கள். ஒன்றின் படி கையில் இருக்கும்போதே மற்றதைத் தேடிப் பின்னால் ஓடும். மீடியாவிக்கி தலைப்புகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் கட்டுரைகள் இரட்டிக்கவில்லை. ஆனால் தவறான வடிவில் வரும் வேண்டுகோள், கேஷைத் தாண்டி உள்ளே போய்த்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். கொடைக்கானலுக்கும் கொட்டாம்பட்டிக்கும் உள்ள இந்த ஆபத்து திருமங்கலத்துக்கு இல்லை.

பழைய படி

கட்டுரையை ஒருவர் திருத்துகிறார். உலகெங்கும் வைத்திருக்கும் படிகள் அந்த நொடியில் பழசாகிவிடுகின்றன. அவற்றை ஒழிக்காவிட்டால் வாசகர் நேற்றைய பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். நாளிதழின் இணையதளத்தில் ஐந்து நிமிடம் பழைய செய்தி இருந்தால் பெரிதில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லும் தளத்தில், தான் செய்த திருத்தம் தெரியவில்லை என்றால் புதியவர் அத்தோடு போய்விடுவார். அல்லது அதையே மூன்று முறை செய்வார்.

எனவே ஒவ்வொரு திருத்தத்தோடும் 'இந்தப் படியை எறிந்துவிடு' என்ற சிறு செய்தி எல்லா ஸ்குவிட்டுகளுக்கும் பறக்கும்படி மீடியாவிக்கி அமைக்கப்பட்டது. ஒரு கட்டுரையைத் திருத்தினால் ஒரு செய்தி. வார்ப்புருவைத் திருத்தினால்? மதுரை மாவட்ட ஊர்களுக்கெல்லாம் கீழே தொங்கும் ஒரு வழிசெலுத்தல் பட்டையில் ஓர் ஊரைச் சேர்த்தால், அந்தப் பட்டை உள்ள அத்தனை பக்கங்களும் பழசு. அவ்வளவையும் உடனே எறிந்தால் வழங்கி மூச்சுத் திணறும். அதனால் அவை ஒரு வரிசையில் போடப்பட்டு மெதுவாகச் செய்யப்படுகின்றன. ஒரு பக்கத்தில் புதிய பட்டையும் அடுத்த பக்கத்தில் பழைய பட்டையும் சில மணி நேரம் சேர்ந்தே இருக்கும். நெடுநாள் பங்களித்த தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு இது பழகிப்போனது. முகவரியின் கடைசியில் ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்து அந்தப் பக்கத்தின் படியை மட்டும் வலிந்து அழித்துவிடுவார்கள்.

2009 ஜூன் 25

அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தார். செய்தி பரவியதும் உலகமே அவருடைய ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கத்தைத் திறந்தது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் முறை. இவ்வளவு பேர் ஒரே பக்கத்தைக் கேட்பது கேஷுக்கு உண்மையில் மிக எளிதான வேலை. ஆனால் அதே நேரத்தில் பலர் அதைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் படியை எறியச் சொன்னது. மேற்கோள் வார்ப்புருக்கள் நிறைந்த அந்தப் பக்கத்தைக் கட்டப் பல நொடிகள் ஆயின. அந்த நொடிகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள், படி இல்லை, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு வழங்கி அதே பக்கத்தைத் தனியாகக் கட்டத் தொடங்கியது. அத்தனை வழங்கிகளும் ஒரே வேலையில் மாட்டிக்கொண்டதால் விக்கிப்பீடியா தடுமாறியது.

மருந்து எளிமையானது. ஒரு பக்கத்தை ஒரே நேரத்தில் ஓரிருவர் மட்டும் கட்டட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும், காத்திருந்து நேரம் கடந்தால் பழைய படியையே கொடுத்துவிடலாம். பூல்கவுண்டர் என்ற சிறு நிரல் இதற்காக எழுதப்பட்டது. பழைய படி எப்போதும் கெட்டது என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது. 2015 ஜூலையில் அப்துல் கலாம் மறைந்தபோதும், 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோதும் தமிழ்ப் பக்கங்களைத் தேடி வந்தவர்களுக்குப் பின்னால் இந்தக் காவல் இருந்தது. 2009 ஜனவரி இடைத்தேர்தலின்போது, திருமங்கலம் என்ற ஊர்ப்பெயர் தமிழ்நாட்டு அரசியலில் ஒரு 'ஃபார்முலா' ஆனபோது, அது இன்னும் எழுதப்படவில்லை.

சிங்கப்பூர்

ஸ்குவிட் பழையதாயிற்று. நார்வே நாளிதழ் ஒன்றுக்காக டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதி 2006-இல் வெளிவந்த வார்னிஷ் அதன் இடத்துக்கு வந்தது; பின்னர் வன்தட்டில் படிகளை வைக்கும் அடுக்கு மட்டும் அப்பாச்சி டிராஃபிக் சர்வர் என்ற மென்பொருளுக்கு மாறியது. மென்பொருள் மாற்றங்களை விடத் தமிழ் வாசகருக்குப் பெரியது 2018 மார்ச்சில் நடந்தது: விக்கிமீடியா ஆசியாவுக்கென்று சிங்கப்பூரில் ஓர் இடைச்சேமிப்பு நிலையத்தைத் திறந்தது. அதுவரை இந்திய வாசகரின் வேண்டுகோள் வேறு கண்டத்துக்குப் போய்த்தான் திரும்பியது.

தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ. செல்கிறது. மதுரையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மூல வழங்கிகளுக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 14,000 கி.மீ. போய்வர 140 மில்லிநொடி. கடலடிக் கம்பிவடம் நேர்கோட்டில் போகாது என்பதால் உண்மையில் இன்னும் கூடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கி.மீ.; திருமங்கலத்திலிருந்து சென்னை வரையுள்ள தரைவழியையும் சேர்த்தால் போய்வர 40 மில்லிநொடிக்குள் அடங்கும். வேறுபாடு நூறு மில்லிநொடிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பயணம் போதாது. இணைப்பை ஏற்படுத்த ஒன்று, மறைகுறியாக்கத்துக்காகக் கைகுலுக்க ஒன்றோ இரண்டோ, பக்கத்தைக் கேட்க ஒன்று. 2015 ஜூனில் விக்கிமீடியா தன் எல்லாத் தளங்களையும் மறைகுறியாக்கத்துக்கு மாற்றியதிலிருந்து இந்தக் கைகுலுக்கல் கட்டாயம். நான்கு பயணம் என்று வைத்தால் வர்ஜீனியாவுக்கு அரை நொடிக்கு மேல். சிங்கப்பூருக்கு ஆறில் ஒரு நொடிக்குள். எழுத்து வரத் தொடங்குவதற்கு முன்னாலேயே செலவாகும் நேரம் இது.

படி சிங்கப்பூரில் இல்லாவிட்டாலும் பயன் முழுவதும் போய்விடாது. கைகுலுக்கல்கள் சிங்கப்பூரோடு முடிந்துவிடும். அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்பில் ஒரே ஒரு வேண்டுகோள் போய்வந்தால் போதும்.

யாரும் படிக்காத பக்கம்

இனி இந்த வரலாற்றில் தமிழுக்குச் சாதகமாக இல்லாத பகுதி. கேஷ் கூட்டத்தின் நண்பன். அதன் இடம் அளவானது. இடம் போதாதபோது நெடுநேரம் யாரும் கேட்காத படியை வெளியே தள்ளும். தவிர, ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு. முன்பு விக்கிமீடியாவின் விளிம்பு வழங்கிகளில் ஒரு படி ஒரு மாதம் வரை செல்லுபடியானது. 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது ஒரு நாளாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் வைத்திருக்கும் படியை மூல வழங்கியிடம் 'இது இன்னும் சரிதானா' என்று கேட்டு உறுதிசெய்த பிறகே கொடுக்க முடியும். எறியச் சொல்லும் செய்தி வழியில் தொலைந்துவிட்டாலும் தவறான பக்கம் ஒரு நாளுக்கு மேல் நிற்காது என்பதால் இது நியாயமான முடிவுதான்.

ஆனால் ஆங்கிலத்தில் இலண்டனைப் பற்றிய பக்கத்துக்கு ஒரு நாள் என்பது எத்தனையோ ஆயிரம் வாசகர். தமிழில் ஒரு சிற்றூரைப் பற்றிய பக்கத்துக்கு ஒரு நாள் என்பது இரண்டு வாசகர்; சில நாட்களில் ஒருவரும் இல்லை. ஒரு நாளைக்கு ஒருமுறைக்கும் குறைவாகப் படிக்கப்படும் பக்கத்துக்கு, வருகிற ஒவ்வொரு வாசகரும் முதல் வாசகரே. அவருடைய வேண்டுகோள் கடலைத் தாண்டிப் போய் வருகிறது. பாகுபடுத்தி கேஷிலிருந்தும் பக்கம் காலாவதியாகியிருந்தால் முழுக் கட்டுரையும் அவருக்காகவே புதிதாகக் கட்டப்படுகிறது. 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அவற்றுள் பெரும்பங்கு இத்தகைய அமைதியான பக்கங்கள்: ஊராட்சிகள், பறவைகள், மறக்கப்பட்ட புலவர்கள். கட்டுரை எண்ணிக்கை கூடக் கூட ஒரு கட்டுரைக்கான சராசரி வாசகர் எண்ணிக்கை குறையும். கேஷில் படி கிடைக்கும் வாய்ப்பும் குறையும். தமிழில் பக்கம் மெதுவாக வருகிறது, ஆங்கிலத்தில் உடனே வருகிறது என்று வாசகர்கள் சொல்வதைக் கேட்டு, தமிழ் எழுத்துருவைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. எழுத்துருவுக்கும் பங்கு இருக்கலாம். என் கணிப்பில், அந்தப் பக்கத்தைத் தேடி வேறு யாரும் வராததே முதற்காரணம்.

2013-இல் வார்ப்புருக்களுக்கு லுவா மொழி அறிமுகமானதும், பி.எச்.பி.யின் புதிய பதிப்புகளும் கட்டும் நேரத்தை வெகுவாகக் குறைத்தன. கூட்டத்தின் உதவி கிடைக்காத பக்கங்களுக்குத்தான் இவற்றால் அதிக நன்மை. இவை தொழில்நுட்பச் செய்திகளில் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

தேர்வு முடிவு நாள்

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஏறக்குறைய எட்டு லட்சம் மாணவர்கள் ஒரே சமயத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்தைத் திறக்கிறார்கள். 2000-களில் திருமங்கலம் போன்ற ஊர்களின் பிரௌசிங் சென்டர்களில் அன்று மாணவர்களும் பெற்றோரும் தெரு வரை நிற்பார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டம் இருக்கிறது, ஆகவே கேஷ் காப்பாற்றும் என்று நினைக்கலாம். காப்பாற்றாது. ஒவ்வொருவரும் தன் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்டுக் கேட்பது தன் மதிப்பெண்ணை மட்டுமே. எட்டு லட்சம் வேண்டுகோள், எட்டு லட்சம் வெவ்வேறு பக்கம். ஒருவருடைய படியால் அடுத்தவருக்குப் பயனில்லை. ஒரே முடிவைப் பல முகவரிகளில் வெளியிட்டதும், பின்னர் குறுஞ்செய்தியில் அனுப்பத் தொடங்கியதும் இந்தக் கூட்டத்தைப் பிரித்து விடும் வழிகள். அந்தப் பக்கத்தில் ஒன்று மட்டும் சாதகம்: மதிப்பெண் அன்று மாறப்போவதில்லை. தரவுத்தளத்தையே தொடாமல் எல்லா விடைகளையும் முந்தைய இரவே நினைவகத்தில் ஏற்றி வைத்துவிட முடியும். கேட்ட பிறகு தேக்குவது ஒரு முறை, கேட்பதற்கு முன்பே தேக்குவது இன்னொரு முறை.

எழுதுபவரின் பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் படிப்பவருக்கான கதை. புகுபதிகை செய்தவருக்கு இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி கிடையாது. பக்கத்தின் மேல்மூலையில் அவருடைய பெயர் வர வேண்டும். அவருடைய கவனிப்புப் பட்டியல், அவருக்கு வந்த செய்தி, அவருடைய விருப்பத் தேர்வுகள் எல்லாம் அவருக்கே உரியவை. பொதுப் படி அவருக்கு ஒத்துவராது. எனவே அவருடைய குக்கியைப் பார்த்ததும் விளிம்பு வழங்கி விலகிக்கொள்கிறது. வேண்டுகோள் நேரே அமெரிக்காவுக்குப் போகிறது. திருமங்கலத்தில் இருந்துகொண்டு தன் ஊரைப் பற்றி எழுதுபவருக்கு ஒவ்வொரு சேமிப்பும் ஒவ்வொரு முன்தோற்றமும் உலகத்தின் மறுபக்கம் போய்வரும் பயணம். அவர் எழுதி முடித்ததை வெளியேறிய நிலையில் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது சிங்கப்பூரிலிருந்து நொடியில் வந்துவிடக்கூடும்.

2022 செப்டம்பரில் விக்கிமீடியா தன் மூல வழங்கிகளை வர்ஜீனியா, டெக்சாஸ் ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும் வேண்டுகோள்களுக்குப் பதில் தரும்படி மாற்றியது. ஆசியாவிலிருந்து வரும் பயனர்களின் வேண்டுகோள் பசிபிக் வழியாக டெக்சாசோடு நின்றுவிடலாம். ஒவ்வொரு பயணத்திலும் சில பத்து மில்லிநொடிகள் மிச்சம். சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போது மட்டும், முதன்மைத் தரவுத்தளம் அந்தச் சமயத்தில் எந்த ஊரில் இருக்கிறதோ அதுவரை போய்த்தான் திரும்ப வேண்டும்.